நீலக் கோட்டும் என் வாயும்

என் வாய் சும்மா இருக்காது. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதனூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் பஸ் படியில் கால் வைக்கும்போது ஆரம்பித்தால், ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் இறங்கும்வரை ஓடும். டிரைவர் தலையில் வழியும் எண்ணெயில் தொடங்கி, முந்தின நாள் சீரியலில் மாமியார் கட்டியிருந்த புடவைவரை ஒன்றையும் விடமாட்டேன். யாரையும் நோகடிக்க இல்லை. பேசினால்தான் எனக்குக் கை ஓடும், அவ்வளவுதான்.

எங்கள் லைனில் இருபத்தெட்டு பேர், எல்லோரும் பெண்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் வேலை. அடியில் சோல் ஒட்டுவதற்கு முன்னால், பாதத்தைப் போர்த்துகிற தோல் பாகம் இருக்கிறதே, அதை அப்பர் என்போம். ஏழெட்டுத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு அப்பர். ஒருத்தி ஒரு துண்டைத் தைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள், அவள் இன்னொன்றைச் சேர்த்து அடுத்தவளிடம் தள்ளுவாள். துணி என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான், ஓட்டை போகாது.

அதனால் எங்கள் லைனில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். எப்போது யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நானாகவே இருக்கலாம். தையல் கோடு தாண்டிப் போய்விட்டால் அந்தப் பெண் கையைத் தூக்கி, "போச்சு" என்பாள். நான் என் மெஷினிலிருந்தே, "போனா போவுது, கொண்டா பாக்கலாம்" என்பேன். லைனே சிரிக்கும். கெட்டுப்போன அந்த ஒரு துண்டை மட்டும் கட்டிங் பக்கம் கொடுத்து வேறு வாங்கிவருவோம். ஊசி மழுங்கியிருந்தால் அப்போதே மாற்றுவோம். சொல்லாமல் தள்ளிவிட்டால் அடுத்தவள் அதன்மேல் இன்னொரு துண்டைத் தைத்துவிடுவாள், ஒரு துண்டோடு போகவேண்டியது முழு அப்பரோடு போகும். இதெல்லாம் யோசித்துச் செய்ததில்லை. சிரிப்போடு சிரிப்பாக நடந்தது.

பக்கத்து மெஷினில் என் சிநேகிதி. ஒன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின், பஸ்ஸில் நாலாவது சீட்டு. அவள் வீட்டில் உருது, லைனில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மதியச் சாப்பாட்டில் அவள் டப்பாவிலிருக்கிற கத்திரிக்காய் எனக்கு, என் டப்பாவிலிருக்கிற கீரைக் கடைசல் அவளுக்கு. யார் வீட்டில் என்ன சமைத்தாலும் இந்தக் கணக்கு மாறியதில்லை. எங்கள் லைனில் அவளைப்போல நேராகத் தைக்க ஆள் கிடையாது. என்னைப்போலப் பேசவும் ஆள் கிடையாது என்று அவள் சொல்வாள்.

போன வருஷம் எங்கள் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எங்கள் லைனில்தான் ரிஜெக்ட் கம்மி என்று பார்த்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர்கள் போடுகிற நீலக் கோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒரு மாசம் பார்க்கலாம், சரியாக வந்தால் கோட்டு உனக்கு, இல்லாவிட்டால் பழையபடி மெஷினுக்குப் போ என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கோட்டு முழங்கால்வரை தொங்கியது. அதைக் கூடக் கவனிக்காமல் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கே புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். பக்கத்து லைன் சூப்பர்வைசர் சீனியர். அவர் கத்தினால் அத்தனை மெஷின் சத்தத்தையும் தாண்டி கேன்டீனில் கேட்கும். கெட்ட மனுஷர் இல்லை, நல்லதுதான் நினைத்துச் சொன்னார். குரலை ஏத்தும்மா, சிரிச்சா தலைமேல ஏறிடுவாங்க. லைன் பொம்பளைங்களோட உக்காந்து சாப்பிடாத. பஸ்ஸில முன் சீட்டுல உக்காரு, சூப்பர்வைசருங்க எல்லாம் அங்கதான். வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார், எந்நேரமும் இளிச்சிக்கினு இருந்தா எவ மதிப்பா என்று. ஆளாளுக்கு இப்படிச் சொல்லவும் எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒன்பது வருஷமாக என் வாயை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைத்தேன் என்பதே ஒரு நாளில் மறந்துபோயிற்று, அப்படி ஒரு மயக்கம் அந்தக் கோட்டில்.

கத்துவது என்றால் சும்மா இல்லை. எனக்குப் பேச வரும், கத்த வராது. மறுநாள் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே எங்கள் ஆடுகள் நாலு கட்டியிருந்தன. அவற்றைப் பார்த்து, "இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? டார்கெட் எங்க?" என்று ஒரு கத்து கத்தினேன். நாலும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. பிறகு மறுபடி அசைபோட ஆரம்பித்தன. வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்த வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டதா என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். குரல் வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

லைனில் கத்தினேன். முதல் கத்திலேயே அத்தனை தலையும் குனிந்தது. எனக்கே பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று டார்கெட் அரைமணி நேரம் முன்னாலேயே முடிந்தது. மேனேஜர் ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அடுத்த நாளும் கத்தினேன். அதற்கு அடுத்த நாளும். மதியம் சூப்பர்வைசர்கள் மேஜையில் சாப்பிட்டேன். அங்கே யாரும் யார் டப்பாவிலும் கை வைப்பதில்லை. என் கீரையை நானே தின்று தீர்த்தேன். பஸ்ஸில் முன் சீட்டு. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

லைனில் "போச்சு" நின்றுபோனது. ஒரு நாள் முழுக்க ஒரு கைகூட உயரவில்லை. அடடா, தப்பே நடக்கவில்லை பார், கத்தினால் தையல்கூட நேராக வருகிறது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். இவ்வளவு பெரிய முட்டாளை ஆம்பூரில் இன்னொருத்தி தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

மூணாவது வாரம் ஜோடி குறைய ஆரம்பித்தது. வலது அப்பர் இருக்கும், அதற்கு இடது இருக்காது. இடது இருக்கும், வலது இருக்காது. எங்கே போகும்? யாரோ தோலை வெளியே கொண்டுபோகிறார்கள் என்று ஆபீஸில் முடிவு பண்ணிவிட்டார்கள். பையை மட்டும் பார்த்தால் போதாது, சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பாருங்கள் என்று கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அம்மாவுக்கு உத்தரவு போனது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் நான் முன் சீட்டில் உட்கார்ந்து கைப்பையில் மாத்திரை தேடிக்கொண்டிருந்தேன், தொண்டை கட்டியிருந்தது. பஸ் கிளம்பவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்தால் கேட்டில் கூட்டம். நடுவில் என் சிநேகிதி. அவளுடைய டப்பா திறந்து கிடக்கிறது, உள்ளே மடித்து வைத்த ஒரு அப்பர். செக்யூரிட்டி அம்மா அதை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனியில் தோல் எடுத்து மாட்டினால் மறுபேச்சு கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு. அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் ரெண்டு பிள்ளைகள் படிக்கின்றன.

ஆபீஸ் ரூமில் மேனேஜர் முன்னால் அவள் நின்றாள். லெட்டர் அடித்துத் தயாராக இருந்தது. ஏன் எடுத்தாய் என்று அவர் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். என் லைன் ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜைமேல் கிடந்த அப்பரை நான் கையில் எடுத்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஓரத் தையல் நேராக வந்து, வளைவில் சறுக்கி, கோட்டைத் தாண்டித் தோலின் நடுவே நாலு ஓட்டை. ஒன்பது வருஷத்தில் அவள் கையில் இப்படி நான் பார்த்ததில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு" என்றாள்.

எனக்கு இருபது வயசில் அப்பா போனபோது அழுதேன். அதற்குப் பிறகு ஒரு பேச்சைக் கேட்டு எனக்கு அப்படி வலித்தது அன்றைக்குத்தான். என்னிடம் பயமாம். என் கீரையைக் கேட்காமல் எடுத்துத் தின்கிறவளுக்கு என்னிடம் பயம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு நாக்கைப் பிடுங்காமல் அதை வைத்து என்ன செய்ய வருமோ அதைச் செய்தேன். பேசினேன். கத்தவில்லை, என் பழைய பேச்சு. சார், திருடறவ நல்ல தோலா பாத்து எடுப்பாளா, ஓட்டை விழுந்ததை எடுப்பாளா? அதுவும் ஒத்த இடது கால் அப்பர் சார் இது. இத்த எடுத்துக்கினு போய் இவ யாருக்குப் போட்டு விடுவா? வழியில எங்கனா புதர்ல எறியத்தான் எடுத்துக்கினு போனா. கெட்டுப்போச்சுன்னு எங்கிட்ட சொல்ல பயம். பயத்தை உண்டாக்குனது நான். தினம் இவ்வளவு கத்துனா எவ சார் சொல்லுவா? லெட்டரை என் பேருக்கு மாத்துங்க, கோட்டையும் எடுத்துக்கோங்க. மூச்சு விடாமல் இத்தனையும் சொல்லிவிட்டுக் கோட்டுப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். பதற்றத்தில் ஒரு பித்தான் அறுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. கதவோரம் நின்ற செக்யூரிட்டி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், கோட்டைப் போடும்மா என்றார். மாசம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது, கடைசி நாள் நம் ஷூவை வாங்குகிற பையர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். அதுவரை இந்த லெட்டர் என் டிராயரில் இருக்கும். உன் லைன் சரியாக நின்றால் கிழித்துப்போடுகிறேன். இல்லாவிட்டால் அவளுக்கு லெட்டர், உனக்கு மெஷின். இப்படிச் சொல்லி எங்களை அனுப்பினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி நேராக நாலாவது சீட்டுக்குப் போனேன். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள், ஆனால் பேசவில்லை. நான் டிரைவர் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் விடாமல் பேசினேன். அவள் விடாமல் மலையைப் பார்த்தாள்.

லைனில் மெஷின் போடுவதற்கு முன்னால் எல்லோரையும் கூட்டினேன். நான் கத்தினது தப்பு, இனிமே அது வராது, எனக்கே தொண்டை வலி என்றேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். ஒளிச்சு வெச்சதை எல்லாம் கொண்டாங்க, யார் பீஸுன்னு கேக்க மாட்டேன் என்றேன். பிறகு ஒருத்தி மெஷினுக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். இன்னொருத்தி உட்காரும் மெத்தைக்குள்ளிருந்து இரண்டு. நூல்கண்டு டப்பாவிலிருந்து ஒன்று, ஃபேன் பெட்டிக்குப் பின்னாலிருந்து மூன்று. துர்க்கை படத்துக்குப் பின்னால்கூட ஒன்று இருந்தது, அதை எடுத்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இப்படி இடுக்கு இடுக்காக மொத்தம் பத்தொன்பது அப்பர். காணாமல்போன இடதுகள், வலதுகள் எல்லாம் என் மேஜைமேல் குவிந்தன. மேனேஜர் வந்து அந்தக் குவியலைப் பார்த்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் திருட்டு என்ற பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்தடுத்த நாளில் ஒவ்வொரு கையாக உயர ஆரம்பித்தது. முதலில் சும்மா பாதிக் கை, அப்புறம் முழுசாக. போச்சு, போனா போவுது, சிரிப்பு. நான் மறுபடி லைன் ஆட்களோடு சாப்பிட்டேன். சீனியர் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார், மாசம் முடிய ஒரு வாரம் இருக்கறப்போ இப்படிப் பண்றியே என்று. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, கத்திரிக்காய்கூட.

என் சிநேகிதி டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். அவள் கை மட்டும் உயரவேயில்லை. மற்றவர்களைவிட மெதுவாகத் தைத்தாள், ஒவ்வொரு பீஸையும் மூணு தரம் திருப்பிப் பார்த்தாள். தலைக்குமேல் லெட்டர் தொங்குகிறபோது யார்தான் கை தூக்குவார்கள்? அவளை நான் குற்றம் சொல்லவில்லை. என்னிடம் பயம் போகவில்லை என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்ஷன் நாள் வந்தது. பையர் உயரமான வெளிநாட்டுக்காரர், கூடச் சென்னையிலிருந்து ஒரு மேடம். தரையைக் கண்ணாடியாகத் துடைத்து, எல்லோர் தலையிலும் புதுத் தொப்பி மாட்டியிருந்தார்கள். பக்கத்து லைனில் சீனியர் விளாசிக்கொண்டிருந்தார். பையர் வந்தால் கத்தியே ஆகவேண்டும், அப்போதுதான் வேலை நடப்பதாகத் தெரியும் என்பது எங்கள் கம்பெனியில் ஒரு நம்பிக்கை. எங்கள் லைன் பக்கம் அவர்கள் திரும்பினார்கள். பையருக்குப் பின்னால் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், நீயும் ஒரு குரல் கொடு என்று.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் கை உயர்ந்தது.

என் சிநேகிதியின் கைதான். நேராக, முழுசாக. முகம் வெளுத்திருந்தது. அந்த பீஸை மெஷினுக்கு அடியில் தள்ளியிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. மேனேஜரையும் பார்த்தாள், பையரையும் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"போச்சு" என்றாள்.

தொண்டைவரை வந்த கத்து அப்படியே நின்றது. "போனா போவுது, கொண்டா பாக்கலாம்" என்றேன். வழக்கமாகச் சிரிக்கிறவர்கள் அன்று சிரிக்கவில்லை, ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பீஸை வாங்கிப் பார்த்தேன், ஊசி முனை வளைந்திருந்தது. மாற்றினேன். அடுத்து வரிசையில் இருந்த கட்டு முழுக்கத் தப்பித்தது.

பையர் என்னவென்று கேட்டார். மேடம் என்னிடம் கேட்டுவிட்டு அவரிடம் இங்கிலீஷில் சொன்னார். அவர் பீஸை வாங்கி, ஓட்டையை விரலால் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். பக்கத்து லைனுக்குப் போய், இன்றைக்கு எத்தனை பீஸ் கெட்டது என்று கேட்டார். ஒண்ணுகூட இல்லை சார் என்று சீனியர் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த உயரமான மனுஷர் குனிந்து மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அங்கே என்ன கிடைத்தது என்று நான் எழுதமாட்டேன். சீனியரும் எங்கள் பஸ்ஸில்தான் வருகிறார்.

சாயந்திரம் மேனேஜர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். என்னிடம் ஒரு பித்தானைக் கொடுத்து, தெச்சுக்கோம்மா என்றார். அவள் அந்தக் காகிதத் துண்டுகளைக் காலி டப்பாவில் போட்டு மூடினாள். கேட்டில் செக்யூரிட்டி அம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, இது இன்னா என்று கேட்க, இவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் நாலாவது சீட்டில் உட்கார்ந்தோம். அவள் என் பக்கம் திரும்பி, "ஒண்ணு கேக்கட்டா? நீ கத்தறதுக்கு எங்கடி கத்துக்கின? ஆடு ஓட்டற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

நான் ஆடுகள் கதையைச் சொன்னேன். நாலும் அசைபோடுவதை நிறுத்தியதை, வீட்டுக்காரர் பிரஷ்ஷோடு ஓடிவந்ததை, எல்லாவற்றையும். அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்த மூணு வாரமும் லைனில் யார் யார் என்னை என்னவெல்லாம் திட்டினார்கள், எந்த பீஸை யார் எங்கே ஒளித்தார்கள், துர்க்கை படத்துக்குப் பின்னால் வைத்தவள் தினம் எத்தனை தோப்புக்கரணம் போட்டாள் என்று ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். அவள் இறங்கும் இடம் வரும்வரை அவள்தான் பேசினாள், நான் வாய் திறக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், இந்தத் தடவை உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.